குடும்பத்தோடு செம்மண் பாதையில் மவுண்டன் பைக்: பிள்ளையைப் பந்தயத்துக்கு எப்போது அனுப்பலாம்?

லாஸ்பேட்டை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது 11 வயது, மகனுக்கு 7 வயது. நானும் என் மனைவியும் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, விடுமுறை நாள்களின் விடியற்காலையில் புதுச்சேரிக்கு அருகே குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, இரும்பை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள செம்மண் பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறோம். பிள்ளைகளைக் கைப்பேசியிலிருந்து சற்று விலக்குவதற்காகத் தொடங்கிய பழக்கம், வாரம் முழுவதும் நால்வரும் எதிர்பார்த்திருக்கும் நேரமாக வளர்ந்துவிட்டது.

2023 அக்டோபரில் கேரளத்தின் பொன்முடியில் நடந்த ஆசிய மவுண்டன் பைக் போட்டியின் காணொளிகளை மகள் அண்மையில் பார்த்தாள். அன்றுமுதல், தானும் பந்தயத்தில் ஓட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுடைய ஆர்வத்துக்கு அணை போட எனக்கு மனமில்லை. ஆனால் சில ஐயங்கள் உள்ளன. 11 வயதில் பந்தயப் பயிற்சியைத் தொடங்கலாமா, அல்லது பொறுத்திருக்க வேண்டுமா? மலையே இல்லாத இந்தக் கடற்கரைப் பகுதியில் இருந்துகொண்டு மவுண்டன் பைக் பந்தயத்துக்குத் தயாராக முடியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, மகளுக்குப் பயிற்சி என்று வந்துவிட்டால், நால்வரும் சேர்ந்து ஓட்டும் அந்தக் காலைப்பொழுது என்ன ஆகும்? என் மனைவியின் கவலை முழுவதும் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது. அக்காளின் வேகத்துக்கு எல்லோரும் ஓட வேண்டிவரும், தம்பி சோர்ந்துபோய் ஒருநாள் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவான் என்கிறார். அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

கேப்பர் மலை ஓட்டுநர் எழுதியது:

வணக்கம் நண்பரே. கடலூரில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு கேப்பர் மலைச் சரிவுகளில் நெடுநாளாக ஓட்டிவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் வயதைப் பற்றி. சர்வதேச மிதிவண்டிச் சங்கமான யு.சி.ஐ.யின் விதிப்படி, ஜூனியர் பிரிவு என்பது 17, 18 வயதினருக்கு உரியது. பந்தயம் நடக்கும் நாளில் என்ன வயது என்று பார்ப்பதில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31-இல் எத்தனை வயதாகிறதோ அதையே கணக்கில் கொள்கிறார்கள். நம் நாட்டுத் தேசியப் போட்டிகளில் அதற்கும் இளையோருக்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன என்றாலும், உலக அளவில் இந்த விளையாட்டு ஒரு பிள்ளையை முதன்முதலாகக் கவனிப்பது 17 வயதில்தான். அந்த வயதில்கூட ஒரு பந்தயம் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வரைதான் நீடிக்கும்படி சுற்றுகளை அமைக்கிறார்கள். முதுநிலை வீரர்களுக்கு 80 முதல் 100 நிமிடங்கள். உங்கள் மகளுக்கு அந்த வாசலுக்கே இன்னும் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன. ஆகவே மூச்சையும் தொடைவலுவையும் இப்போதே கறந்தெடுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. இந்த வயதில் படியக்கூடியது கைப்பழக்கம். அது இப்போது படிந்தால் கடைசிவரை நிற்கும்.

கைப்பழக்கம் என்று நான் சொல்வது இவற்றைத்தான். இறக்கத்தில் சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பெடல்களையும் தரைக்குச் சமமாக நிறுத்தி, முழங்கையையும் முழங்காலையும் மடக்கி நிற்பது. ஒவ்வொரு கையிலும் ஒரே ஒரு விரலால் பிரேக் பிடித்து, திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவது. திருப்பத்தில் வெளிப்பக்கத்துப் பெடலைக் கீழே அழுத்துவது. சக்கரத்துக்கு முன்னால் உள்ள கல்லைப் பார்க்காமல், போக வேண்டிய வழியைப் பார்ப்பது. நம் செம்மண் பாதை இதற்கு மிக நல்ல பள்ளிக்கூடம். கோடையில் மேல்மண் பொடியாகி, அதன்மேல் உருண்டைச் சரளைக் கற்கள் கிடக்கும். முன்பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். பெண்ணையாற்றுப் பக்கம் போனால் மணல் இருக்கிறது. மணலில் கியரை இலேசாக்கி, எடையைப் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டில்பாரைத் திருப்பாமல், மிதிப்பதை நிறுத்தாமல் போகப் பழகிய பிள்ளை, பிறகு எந்த மலையின் சேற்றிலும் தடுமாறாது.

மலை இல்லையே என்று நீங்கள் வருந்த வேண்டாம். கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலையடிவாரத்தில் 1970-களில் பிறந்தது என்பதால் இந்த விளையாட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. ஆனால் 1996 அட்லாண்டா ஒலிம்பிக் முதல் நடைபெறும் கிராஸ்-கன்ட்ரி பந்தயம், பெரும்பாலும் 4 முதல் 6 கிலோமீட்டர் சுற்றுக்குள் குட்டை ஏற்றங்களும் குட்டை இறக்கங்களும் மாறி மாறி வருவதுதான். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் அது நடந்தது எசெக்ஸ் பகுதியில், தேம்ஸ் ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய ஹேட்லி பண்ணையில். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்த எலான்கூர் குன்றோ, பழைய மணற்கல் குழியை மண்ணாலும் கழிவாலும் நிரப்பி உண்டாக்கிய, கடல்மட்டத்திலிருந்து 231 மீட்டர் உயரமுள்ள மேடு. அந்த மேட்டில்தான் பிரான்சின் பாலின் ஃபெரான்-பிரெவோவும் பிரிட்டனின் டாம் பிட்காக்கும் தங்கம் வென்றார்கள். ஒரே சரிவைத் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் கேப்பர் மலையும் போதும். நீண்ட ஏற்றம் எப்படியிருக்கும் என்று பிள்ளை அறிய வேண்டும் என்றால், 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏலகிரிக்கு ஒரு விடுமுறையில் அழைத்துச் செல்லுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் உடற்கல்வி ஆசிரியர் எழுதியது:

பணி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன் நான். கேப்பர் மலை நண்பர் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால், ஆறு ஆண்டுகள் இருக்கின்றன என்ற தொனியோடு எனக்கு உடன்பாடு இல்லை. பந்தயம் என்பதைப் பிள்ளை பதினேழு வயதில்தான் முதன்முதலாகப் பார்க்க வேண்டுமா?

நம் தமிழ்நாட்டு மாவட்டங்கள்தோறும் அறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டி, செப்டம்பர் மாதத்தில், மாணவ மாணவியருக்கான மிதிவண்டிப் போட்டியை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிறது. 13 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு 15 கிலோமீட்டர், மாணவியருக்கு 10 கிலோமீட்டர். 15, 17 வயதுக்குட்பட்ட பிரிவுகளில் மாணவர்களுக்கு 20, மாணவியருக்கு 15. இந்தியாவில் தயாரான, சாதாரண கைப்பிடி கொண்ட சைக்கிளைக் கொண்டுவர வேண்டும். தலைமை ஆசிரியரிடம் வயதுச் சான்று பெற்றுவர வேண்டும். அவ்வளவுதான். அப்பாவின் பழைய சைக்கிளிலும், அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியிலும் வந்து நின்ற பிள்ளைகள் அந்தக் கோட்டில் என்னென்ன கற்றுக்கொண்டார்கள் என்பதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கூட்டத்துக்குள் நெருக்கமாக ஓட்டுவது, பயத்தில் வயிறு கலங்கும்போதும் கோட்டில் நிற்பது, முன்னால் போனவளைத் துரத்துவது, தோற்றபின் அவளிடமே போய்ப் பேசுவது. இவற்றைத் தனியாகச் செம்மண் காட்டில் ஓட்டிக் கற்க முடியாது. லாஸ்பேட்டை நண்பரின் மகள் புதுச்சேரியில் படிப்பதால் இந்தப் போட்டி அவருக்குப் பொருந்தாது. என்றாலும் உள்ளூரில் எந்தச் சிறு போட்டி நடந்தாலும், அது தார்ச்சாலைப் போட்டியாகவே இருந்தாலும், அனுப்பிவையுங்கள் என்பதே என் கருத்து.

கேப்பர் மலை ஓட்டுநர் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். பந்தயத்தில் கலந்துகொள்வது வேறு, பந்தயத்துக்காகவே வாரம் முழுவதும் பயிற்சி செய்வது வேறு. 11 வயதில் முன்னது வேண்டும், பின்னது வேண்டாம் என்று என் கருத்தைத் திருத்திச் சொல்கிறேன். தார்ச்சாலைப் போட்டியிலும் கலந்துகொள்ளட்டும் என்று நீங்கள் சொன்னதற்கு ஒரு சான்றும் சேர்க்கலாம். நான் மேலே குறிப்பிட்ட ஃபெரான்-பிரெவோ, சாலை, சைக்ளோ-கிராஸ் (சேறும் புல்லும் தடைகளும் உள்ள குறுஞ்சுற்றுப் பந்தயம்), மவுண்டன் பைக் ஆகிய மூன்றின் உலகப் பட்டங்களையும் 2015-இல் ஒரே நேரத்தில் தன்வசம் வைத்திருந்தவர். பிட்காக்கும் சைக்ளோ-கிராஸ் உலகப் பட்டம் வென்றவர், பிரான்சின் புகழ்பெற்ற பலநாள் சாலைப் பந்தயமான தூர் தெ பிரான்சில் ஒரு கட்டத்தை வென்றவர். இளமையிலேயே ஒரே வகைக்குள் அடைத்துவிட்டால் இவர்கள் இப்படி வளர்ந்திருப்பார்களா என்பது ஐயமே.

நெல்லித்தோப்பு அம்மா எழுதியது:

லாஸ்பேட்டைத் தம்பிக்கு வணக்கம். உங்கள் மனைவியின் கேள்விதான் இந்த இழையில் கேட்கப்பட்டவற்றுள் முக்கியமானது என்று நான் நினைக்கிறேன். இதுவரை யாரும் அதைத் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் மகளுக்கு இப்போது 15 வயது. அவள் பந்தயங்களில் ஓடுகிறாள். அவளுக்கு இளைய இரட்டைப் பையன்கள் ஓடுவதில்லை. ஐந்து பேரும் இன்றும் சேர்ந்துதான் ஓட்டுகிறோம். இதற்குக் காரணம், குடும்பமாகப் போகும் காலையையும் மகளின் பயிற்சியையும் நாங்கள் எந்நாளும் கலக்கவில்லை என்பதே. குடும்பக் காலையில் யார் மெதுவாக ஓட்டுகிறாரோ அவர்தான் முன்னால் போவார். கடைசியில் வருகிறவர் பெரியவராக இருப்பார். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பதை இளையவர்கள் தீர்மானிப்பார்கள். ஓணானைப் பார்க்க நின்றாலும் எல்லோரும் நிற்போம். மகள் தன் வேகத்தை அங்கே காட்ட வேண்டும் என்றால், ஏற்றத்தின் உச்சிவரை போய்விட்டுத் திரும்பி வந்து எங்களோடு சேர்ந்துகொள்வாள். அப்படி அவளுக்கு இரட்டிப்பு ஓட்டம் கிடைக்கும், தம்பிகளுக்குத் தாங்கள் பின்தங்கியதாகத் தோன்றாது. கடிகாரமும் வேகமானியும் அன்று வீட்டிலேயே இருக்கும்.

பயிற்சி நாள் வேறு. அதில் அவளோடு அவள் வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள், பயிற்சி கொடுப்பவர் வேறொருவராக இருப்பார். தந்தையே பயிற்சியாளராகிவிட்டால், பந்தயத்தில் தோற்ற நாளில் பிள்ளை யார் மடியில் போய் விழும்? என் கணவர் அவளுக்கு டயர் மாற்றித் தருவார், தண்ணீர் பாட்டில் நீட்டுவார், பந்தயம் முடிந்ததும் பசிக்கிறதா என்று கேட்பார். எத்தனையாவதாக வந்தாய் என்ற கேள்வியை அவளாகச் சொல்லும்வரை எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. முன்பு ஓர் இடத்தில், பிள்ளைகளைத் தரவரிசைப்படி நிற்கவைத்து, கடைசியில் நின்றவர்களைப் பெற்றோர் முன்னிலையில் கடிந்துகொண்ட ஒருவரிடமிருந்து மகளை அன்றே அழைத்து வந்துவிட்டோம்.

பள்ளிப் பிள்ளைகளின் மவுண்டன் பைக் பந்தயத்துக்கு அமெரிக்காவில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 2001-இல் வட கலிஃபோர்னியாவின் உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கி, 2009-இல் நைக்கா என்ற பெயரில் நாடு தழுவிய அமைப்பாக வளர்ந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. அணியில் இடம் கிடைக்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்று அங்கே யாரும் இல்லை. சேர்ந்த ஒவ்வொருவரும் ஓடுவார்கள். பெற்றோர் வேடிக்கை பார்ப்பவர்களாக நிற்பதில்லை. பயிற்சி பெற்று, பின்னணி விசாரிக்கப்பட்டு, பிள்ளைகளோடு தாங்களும் சைக்கிளில் ஏறுகிறார்கள். பெண் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கிறார்கள். இங்கே நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால் இதன் சாரத்தை நாமும் செய்துகொள்ள முடியும். ஒவ்வொரு தந்தையும் தாயும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பொறுப்பேற்றுக்கொண்டால், வீட்டுக்குள் அப்பா அப்பாவாகவே இருக்கலாம்.

லாஸ்பேட்டை வாசி எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மெதுவாக ஓட்டுகிறவர் முன்னால் என்பதை வரும் ஞாயிறே செய்து பார்க்கலாம் என்கிறார். மகன் இப்போதே முன்னால் போகத் தயாராகிவிட்டான்.

சைக்கிளைப் பற்றியும் கேட்டுக்கொள்கிறேன். மகளிடம் இருப்பது 24 அங்குலச் சக்கரம் கொண்ட, முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள, இரும்புச் சட்டக சைக்கிள். தூக்கினால் எனக்கே கனமாக இருக்கிறது. அவள் எடை 31 கிலோ. பந்தயத்துக்கென்று விலை உயர்ந்ததாக ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டுமா?

முதலியார்பேட்டைப் பட்டறைக்காரர் எழுதியது:

ஐயா, இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். முதலில் இருப்பதை எடை போடுங்கள். இத்தகைய இரட்டைச் சஸ்பென்ஷன் சைக்கிள்கள் பெரும்பாலும் 15 கிலோவை ஒட்டியே இருக்கும். அதாவது பிள்ளையின் எடையில் பாதி. 75 கிலோ எடையுள்ள நீங்கள் 37 கிலோ சைக்கிளை ஏற்றத்தில் மிதிப்பதாக எண்ணிப் பாருங்கள். பின்னால் இருக்கும் அந்தச் சுருள்வில், 31 கிலோப் பிள்ளைக்கு அசைவதே இல்லை. அசைந்தாலும், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். இந்த வயதுப் பிள்ளைக்குச் சஸ்பென்ஷனே இல்லாத இலேசான சைக்கிளும், அகலமான டயரும், அந்த டயரில் சரியான காற்றும்தான் உண்மையான சொகுசு. பிறகு வாங்குவதானால் அலுமினியச் சட்டகம், முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் அகலமான கியர் வரிசை என்று பாருங்கள். வளர்ந்து கொள்வாள் என்று பெரிய அளவில் வாங்கக் கூடாது. இரண்டு காலும் தரையில் ஊன்றி, சட்டகத்தின் மேல்குழாய்க்கு மேலே இடைவெளியோடு நிற்க முடிய வேண்டும்.

இருக்கிற சைக்கிளில் இன்றைக்கே செய்யக்கூடியவை உண்டு. சைடு ஸ்டாண்டு, மட்கார்டு, கேரியர், செயின் மூடி ஆகியவற்றைக் கழற்றிவிட்டால் எடை கண்கூடாகக் குறையும். பிரேக் பிடியில் ஒரு சிறு திருகு இருக்கும்; அதைத் திருகினால் பிடி கைக்கு அருகில் வரும். பிள்ளையின் விரல் பிடியை எட்டாததால் விழுவதும் உண்டு. டயரின் பக்கத்தில் காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அவ்வளவும் அடித்துவிடுகிறார்கள். அது பெரியவர்களின் தார்ச்சாலைக்கு. டியூப் உள்ள இரண்டு அங்குல டயருக்கு, உங்கள் மகளின் எடைக்கு, செம்மண்ணில் 20 முதல் 25 வரை போதும். அதற்கும் கீழே போனால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, இரட்டைத் துளை விழும்.

நம் பக்கத்து முள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெருஞ்சியை விடச் சீமைக் கருவேல முள் கொடியது. டயரையும் டியூபையும் கடந்து உள்ளே முறிந்து நிற்கும். டியூபுக்கு ஒட்டுப் போட்டுவிட்டு, டயருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்காமல் மாட்டினால், அதே இடத்தில் மறுபடியும் காற்று போகும். ஒட்டுப் போடப் பிள்ளையையே பழக்குங்கள். பந்தயத்தின் நடுவில் அவளுக்கு வேறு யாரும் இருக்கமாட்டார்கள். டியூப்லெஸ் டயருக்கு மாறினால் உள்ளே ஊற்றும் பாலைப் போன்ற திரவம் முள் துளையைத் தானே அடைத்துவிடும். ஆனால் நம் வெயிலுக்கு அது சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கும்.

அரியாங்குப்பம் பிசியோதெரபிஸ்ட் எழுதியது:

பட்டறைக்காரர் மிக நன்றாகச் சொன்னார். சைக்கிளோடு உடம்பையும் சேர்த்துப் பார்ப்போம்.

பெண் பிள்ளைகள் மிக விரைவாக உயரம் கூடும் காலம் சராசரியாக 12 வயதை ஒட்டி வரும். ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டி. லாஸ்பேட்டை நண்பரின் மகள் அந்தக் காலத்தின் வாசலில் நிற்கிறாள். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையும் நரம்பும் உடனே ஈடுகொடுக்க முடியாததால், நேற்றுவரை எளிதாகத் திரும்பிய வளைவில் இன்று தடுமாறுவாள். இது திறமை குறைந்ததன் அடையாளம் அல்ல. அந்தக் காலத்தில் கடிந்துகொண்டால் பிள்ளை விளையாட்டையே விட்டுவிடும். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில் வலி என்று சொன்னால், அது வளரும் பிள்ளைகளிடம் பரவலாகக் காணும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்ற நிலையாக இருக்கலாம். ஓட்டத்தைக் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கால் நீள நீளச் சீட்டின் உயரத்தை மாதந்தோறும் சரிபார்க்க வேண்டும். சீட்டு தாழ்ந்தே இருந்தால் முழங்கால் கூடுதலாக மடங்கி, வலியை வளர்க்கும்.

எவ்வளவு பயிற்சி என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. விளையாட்டு வீரர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் அமெரிக்க நிபுணர்களின் தேசியச் சங்கம் 2019-இல் சொன்னது: பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒரு வாரத்தில் ஒழுங்கமைந்த பயிற்சி கூடாது, ஒரே விளையாட்டை ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் தொடரக் கூடாது, வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு வேண்டும். நம் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையே அந்த இடைவெளியின் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகிறது. அந்த மாதங்களில் நீச்சலோ கபடியோ விளையாடட்டும்.

ஹெல்மெட்டை நெற்றியில் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்கும்படி மாட்ட வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் மட்டும் நுழையலாம். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறலில்லாமல் இருந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும். அதை மாற்றிவிட வேண்டும். தலையில் அடிபட்ட பிறகு தலைவலி, வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் அன்று அந்தப் பிள்ளை மறுபடியும் சைக்கிளில் ஏறவே கூடாது, அது இறுதிச் சுற்றாக இருந்தாலும் சரி. மருத்துவர் சொன்ன பிறகே படிப்படியாகத் திரும்ப வேண்டும். இதில் பெற்றோர் எவருடைய வற்புறுத்தலுக்கும் இணங்கக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

வெயிலைப் பொறுத்தவரை, கடற்காற்றின் ஈரப்பதம் வியர்வையை ஆறவிடாது. அக்கினி நட்சத்திர நாள்களில் காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், வழியில் அடிக்கடி சிறிது சிறிதாகக் குடிக்கப் பழக்குங்கள். உப்புப் போட்ட நீர்மோர், வாழைப்பழம், கடலை மிட்டாய் போதும். கடையில் விற்கும் பந்தய மாவுகளும் பசைகளும் இந்த வயதுக்குத் தேவையில்லை.

திருப்பாதிரிப்புலியூர் உடற்கல்வி ஆசிரியர் எழுதியது:

வாரத்துக்கு 11 மணி நேரம் என்பது உச்ச வரம்பு என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். எட்ட வேண்டிய இலக்கு அன்று. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்குப் பிறகு தனிவகுப்பும் இருக்கிறது. அவ்வளவு நேரம் கிடைக்காது, கிடைக்க வேண்டியதும் இல்லை. என் அனுபவத்தில், வாரத்தில் இரண்டு நாள் ஒழுங்கான பயிற்சியும் ஒரு நாள் விருப்பம்போல் ஓட்டுவதும் இந்த வயதுக்கு நிறைவானவை.

பெண் பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதுக்குப் பிறகு கோட்டில் நிற்கும் மாணவியரின் எண்ணிக்கை சட்டென்று குறைவதை ஆண்டுதோறும் பார்த்தேன். கால் வலுவில் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. உடுத்தும் உடை, மாதவிடாய் நாள்கள், இருட்டு விலகாத காலையில் தனியாகச் செல்வது, உறவினர் பேச்சு ஆகியவையே அவர்களை வீட்டில் நிறுத்திவிட்டன. தாயும் சைக்கிள் ஓட்டுகிற வீட்டுப் பெண்கள் நின்றதில்லை. அதனால் லாஸ்பேட்டை நண்பரே, உங்கள் மனைவி அந்த ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் பதினேழு வயதில் பந்தயக் கோட்டில் நிற்பாளா என்பதை அதுவே பெரிதும் தீர்மானிக்கும்.

கேப்பர் மலை ஓட்டுநர் எழுதியது:

ஐயா எழுதியது முற்றிலும் உண்மை. பாதைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதை யாரும் இன்னும் தொடவில்லை.

ஆரோவில்லைச் சுற்றியுள்ள காடுகள் தாமாக வளர்ந்தவை அல்ல. 1968-இல் அந்த நகரம் தொடங்கியபோது அங்கே இருந்தது மழைநீர் அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்த வெறும் செம்மண் மேடு. வரப்பு கட்டி, நீரைத் தேக்கி, கன்று கன்றாக நட்டு உண்டாக்கிய காடு அது. பொம்மையார்பாளையம் பக்கம் இன்றும் தெரியும் செம்மண் பள்ளங்களைப் பார்த்தால், அரிப்பு எவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்பது புரியும். ஈரச் செம்மண்ணில் சைக்கிள் போனால் டயர் பதிந்த கோடு அடுத்த மழையில் ஓடையாகிவிடும். ஆகவே மழை பெய்தால், மண் காய்ந்து கெட்டிப்படும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். வரப்பின்மேல் ஏறிக் குதிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். எந்தக் காட்டுக்குள்ளும் அங்கே காவல் செய்பவரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளிலும் அப்படியே. மார்ச் முதல் மே வரை கொட்டை பொறுக்கும் காலம், அப்போது உரிமையாளரின் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 2011 டிசம்பர் தானே புயலில் வேரோடு சாய்ந்தவற்றுக்கு மாற்றாக நட்டு வளர்த்த மரங்கள் அவற்றில் பல.

புல் மூடிய ஏரிக்கரைகளில் கண்ணாடி விரியன் உண்டு. பிள்ளைகள் ஒதுங்கி உட்காருமுன் பெரியவர் பார்க்க வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் கூடாது. காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, ஜிப்மருக்கோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ நேரே கொண்டு செல்ல வேண்டும். ஆனால் விரியனைக் காட்டிலும் நான் அஞ்சுவது கிழக்குக் கடற்கரைச் சாலையை. லாஸ்பேட்டையிலிருந்து செம்மண் பாதைக்குச் சைக்கிளிலேயே போவதானால் 7 வயதுப் பிள்ளை அந்தச் சாலையில் ஓட்டக் கூடாது. இறங்கி, தள்ளிக்கொண்டு, பெரியவர் இருவருக்கும் நடுவே கடக்க வேண்டும். முடிந்தால் வண்டியில் ஏற்றிச் சென்று அந்தப் பக்கம் இறக்குங்கள்.

லாஸ்பேட்டை வாசி எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மகளும் முழு இழையையும் வாசித்தாள். நாங்கள் முடிவு செய்திருப்பது இது: ஞாயிறு நால்வருக்கும் உரியது, மகன் முன்னால் போவான், என் மனைவி கடைசியில் வருவார். வாரத்தில் வேறொரு நாள் மகள் தன் வயதுப் பிள்ளைகளோடு பயிற்சி செய்வாள். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு குடும்பங்கள் சேர ஒப்புக்கொண்டிருக்கின்றன, நெல்லித்தோப்பு அக்கா சொன்னபடி என் மகளுக்கு அடுத்த வீட்டுக்காரர் பொறுப்பு, அவர் மகனுக்கு நான் பொறுப்பு. சைடு ஸ்டாண்டையும் மட்கார்டையும் நேற்றே கழற்றிவிட்டோம். எடைபோட்டதில் இன்னும் 14 கிலோவுக்குச் சற்று மேலே நிற்கிறது. உள்ளூரில் சிறு போட்டி வந்தால் கலந்துகொள்வாள். தேசியப் போட்டியைப் பற்றிய பேச்சை அவளாக எடுக்கும்வரை நாங்கள் எடுப்பதில்லை.

மகள் கேட்கச் சொன்ன கேள்வி: இறக்கத்தில் சீட்டு இடிப்பதால் எழுந்து நிற்க முடியவில்லை என்கிறாள். பயிற்சியின்போது மட்டும் சீட்டைத் தாழ்த்தலாமா? முழங்காலுக்குக் கெடுதலா?

அரியாங்குப்பம் பிசியோதெரபிஸ்ட் எழுதியது:

இறக்கத்தைப் பழகும் அந்த அரை மணி நேரத்துக்குத் தாழ்த்துவதில் கெடுதல் இல்லை. அப்போது அவள் உட்கார்ந்து மிதிக்கப் போவதில்லை. சமதளத்தில் மிதித்து வீடு திரும்பும் முன் மறக்காமல் பழைய உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

முதலியார்பேட்டைப் பட்டறைக்காரர் எழுதியது:

சீட்டுக் குழாயில் சரியான உயரத்தில் மின்கம்பி நாடாவைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியிருக்காது. இப்போது திருகாணி போட்டு இறுக்கியிருந்தால், கையால் திறந்து மூடும் பிடியாக மாற்றிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை. பிள்ளையே அதைத் திறந்து மூடட்டும், ஆனால் இறுக்கத்தை நீங்கள் ஒருமுறை சோதித்த பிறகு ஏறட்டும்.

கேப்பர் மலை ஓட்டுநர் எழுதியது:

பொங்கல் விடுமுறையில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும். மூன்று குடும்பங்களும் ஒரு காலை கடலூருக்கு வாருங்கள். கேப்பர் மலையில் சிறுவர்களுக்கு ஏற்ற, கல் இல்லாத ஒரு குட்டைச் சரிவு இருக்கிறது. உங்கள் மகனும் அதில் இறங்கலாம். ஹெல்மெட், மாற்று டியூப், ஒட்டுப் போடும் பெட்டி, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுவாருங்கள். காலைச் சிற்றுண்டியை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்வோம்.